மழையின் மேல் பழி

மழைக்கு வாய் கிடையாது. வக்கீலும் கிடையாது. ஆகையால் மழைக் காலத்தில் நடக்கிற சகல காரியங்களுக்கும் அதையே பிரதிவாதியாக்கி விடுகிறோம். ரயில் தாமதமா? மழை. சுவர் இடிந்ததா? மழை. கத்தரிக்காய் விலை ஏறியதா? மழை. ஒரு கார் சாலையோரத்தில் போனவனை இடித்துத் தள்ளியதா? "பலத்த மழையினால் டிரைவருக்குச் சாலை தெரியவில்லை" என்று மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி வருகிறது. நாமும் "ஐயோ பாவம்!" என்று சொல்லிவிட்டுக் காப்பியை உறிஞ்சுகிறோம். பாவம் என்றது இடிபட்டவனையா, டிரைவரையா என்பது நமக்கே விளங்குவதில்லை.

அந்த ஒரு வரியோடுதான் இன்று எனக்குச் சண்டை.

சாலை இருந்த இடத்தில்தான் இருந்தது. மழை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. டிரைவரின் பார்வையை மறைத்தது பெரும்பாலும் மழையல்ல. அவர் முன்னால் இருந்த கண்ணாடி. வெளியே வழிகிற தண்ணீரைத் துடைக்க நல்ல ரப்பர் இரண்டு துண்டு, உள்ளே படிகிற ஆவியை விரட்ட ஒரு பொத்தான், இவ்வளவுதான் தேவை. இரண்டையும் அலட்சியம் செய்துவிட்டுப் பழியை ஆகாயத்தின் மேல் போடுகிறோம். இது என் கட்சி.

இதை நான் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு சொல்லுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதக் கடைசியில், திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். என்னுடைய சின்னக் கார், நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் என் மனைவி. பின்னால் மைத்துனர், அவர் சம்சாரம், ஜன்னலோரத்தில் அத்தை. மண்டபத்து வாசலிலிருந்து கார் வரைக்கும் ஓடி வருவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டோம். ஈரப் பட்டுப் புடவைகள் மூன்று, ஈரக் குடைகள் இரண்டு, ஒரு கூடை நிறையத் தாம்பூலப் பைகள், ஐந்து பேருடைய பெருமூச்சு, எல்லாம் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக் கொண்டன.

"ஏ.சி. வேண்டாம் மாப்பிள்ளை, எனக்கு ஜலதோஷம்" என்றார் அத்தை.

"மழையிலே எதுக்கு ஏ.சி.?" என்று மைத்துனர் ஆமோதித்தார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏ.சி. என்பது வெயிலுக்கு என்றுதானே பிறந்ததிலிருந்து கேள்வி? அணைத்துவிட்டேன்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டுவதற்குள் கண்ணாடி பால் போல வெளுத்துவிட்டது. என் மனைவி முந்தானையால் துடைத்தாள். இரண்டு நிமிஷம் தெளிவாக இருக்கும்; மறுபடியும் வெளுக்கும். நான் கையால் துடைத்தேன். பூசணிக்காய் அளவுக்கு ஒரு வட்டம் கிடைத்தது. அந்த வட்டத்துக்கு வெளியே வைப்பர் தன் பங்குக்கு அழுதுகொண்டிருந்தது. அதன் ரப்பர் வெயிலில் காய்ந்து, விளிம்பு பிளந்து வெகு நாளாயிற்று. அது தண்ணீரைத் துடைக்கவில்லை. கண்ணாடி முழுவதும் பூசிக் கொடுத்தது. எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும், கண்ணாடி முழுவதும் ஒரே வெளிச்சக் குழம்பு. 'மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும்' என்று மார்ச் மாதத்திலிருந்து நினைத்துக் கொண்டிருந்தேன். மழையில்லாத நாளில் வைப்பரை யார் நினைக்கிறார்கள்? மழை வந்த நாளில் கடைக்கு யார் போகிறார்கள்?

அப்படியொரு லாரி கடந்து போன கணத்தில், இடது பக்கம் 'டக்' என்று ஒரு சப்தம். காரின் பக்கக் கண்ணாடி எதிலோ பட்டது. நிறுத்தி இறங்கி ஓடினேன்.

உரச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போன ஒரு மனிதர், சைக்கிளோடு ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தார். கடவுள் புண்ணியத்தில் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கை கொடுத்தேன். அவர் அதைப் பிடிக்காமல் தானே எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார்.

"பாத்து வரக் கூடாதா சார்?" என்றார்.

"தெரியவில்லை, பெரியவரே. மழை" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமாகக் கூட இல்லை.

"மழை எனக்குந்தான் சார் பெய்யுது. எனக்கு உங்க வண்டி தெரிஞ்சுது. உங்களுக்கு நான் தெரியலியா?"

நான் ஏதோ பணம் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக் கொண்டாரா, மறுத்தாரா என்பது இங்கே முக்கியமல்ல. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் முக்கியம். பல நாவல்களில் பாத்திரங்களின் நெஞ்சுக்குள்ளே புகுந்து பார்த்ததாகப் பெயர் வாங்கியவன், ஆறடி தூரத்தில் போன மனிதனைப் பார்க்கவில்லை.

சென்னைக்கு வந்ததும் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். 'பாய்' என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ஏ.சி.ன்னா ஜில்லுன்னு இருக்கிறதுக்கு மட்டும்னு நினைச்சுட்டீங்க சார். அது காத்திலேருந்து தண்ணியைப் பிழியற மிஷின். ஓடுற காருக்கு அடியிலே சொட்டுச் சொட்டா விழுதே, அது என்னன்னு நினைச்சீங்க?"

அந்தத் தண்ணீரை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஒரு தரமும் யோசித்ததில்லை.

விஷயம் பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்ததுதான். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவியைத் தாங்கும். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 20 டிகிரியில் 17 கிராமுக்கு மேல் அதனால் முடியாது. வெளியே மழையடித்துக் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. உள்ளே நம் மூச்சும் ஈரத் துணியும் காற்றை நிறைத்திருக்கின்றன. அந்தக் காற்று கண்ணாடியைத் தொட்டதும், சுமக்க முடியாத பாரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. அதுதான் அந்த வெள்ளைத் திரை. ஆகவே கண்ணாடியைத் துடைப்பதில் பிரயோஜனம் இல்லை. காற்றைத்தான் உலர்த்த வேண்டும். ஏ.சி. செய்வது அந்த வேலை. குளிர் பிடிக்காதவர்கள் சூட்டுக் குமிழைச் சேர்த்துத் திருப்பிக் கொள்ளலாம். உலர்ந்த காற்று வெதுவெதுப்பாகவே வரும். அத்தையின் ஜலதோஷத்துக்கும் அதுவே நல்லது!

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். உள் காற்றையே சுற்றிச் சுற்றி வரச் செய்கிற பொத்தான் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் சீக்கிரம் குளிர வேண்டும் என்று அதை அமுக்கியவன், மழைக் காலம் வந்தும் எடுக்கவில்லை. ஐந்து பேருடைய மூச்சை ஐந்து பேரும் மாறி மாறி விட்டுக்கொண்டிருந்தோம். அதை எடுத்துவிட்டு வெளிக் காற்று வரும்படி வைத்து, காற்றின் வாயை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பினால், கொஞ்ச நேரத்தில் திரை கீழிருந்து மேலாக விலகுகிறது. அந்தத் திருப்பத்துக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதன் மேல் விசிறி போன்ற ஒரு கட்டமும் வளைந்து வளைந்து மேலே போகிற அம்புகளும் போட்டிருக்கும். தோசைக் கல்லிலிருந்து ஆவி கிளம்புகிற படம் என்று அத்தனை வருஷமாக நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஏ.சி. இல்லாத கார் என்றால், இரண்டு பக்கத்து ஜன்னலையும் இரண்டு விரல் இறக்கிவிட வேண்டியதுதான். தோள் கொஞ்சம் நனையும், நனையட்டும். ஈரக் குடையை டிக்கியில் போட வேண்டும். கண்ணாடியின் உள் பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் பளபளவென்று தேய்த்து வைக்க வேண்டும். கைரேகை எண்ணெயும் புகையும் படிந்த கண்ணாடியில் ஆவி சுலபமாகப் பற்றிக் கொள்கிறது. அவசரத்தில் கையால் துடைக்கிறோமே, அது அடுத்த தடவைக்கு எண்ணெய் தடவி வைக்கிற வேலை.

சென்னைக்காரர்களுக்கு மாத்திரம் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் புழுக்கமான ராத்திரியில் ஏ.சி.யைக் கடும் குளிரில் வைத்துக்கொண்டு போனால், கண்ணாடி வெளிப் பக்கத்தில் வெளுக்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒரு தரம் ஓட்டி, குளிரைக் குறைத்தால் போதும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் விரலால் கோடு போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

இவ்வளவுதான் வித்தை. கால் மணி நேரத்தில் கற்றுக் கொள்ளலாம். ஆனால் இதைச் சிநேகிதர்களிடம் சொல்லப் போனால் ஆட்சேபணைகள் கிளம்புகின்றன.

"ஏ.சி. போட்டால் பெட்ரோல் ஜாஸ்தி ஆகும்" என்பது முதல் ஆட்சேபணை. ஆகும், மறுக்கவில்லை. இந்த வாதத்தின் முழு அழகையும் சென்ற வருஷம் வாடகைக் காரில் கோத்தகிரிக்குப் போனபோது கண்டேன். 'மலையில் ஏ.சி. கிடையாது' என்பது கார் முதலாளியின் சட்டம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் மழையும் மேகமும் சேர்ந்துகொண்டன. டிரைவர் தம்பி ஒரு கையால் வளைவுகளில் சக்கரத்தை ஒடித்துக்கொண்டு, மறு கையால் மஞ்சள் துணி ஒன்றினால் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே போனான். "ஏ.சி.யைப் போடப்பா" என்றேன். "ஓனர் டீசல் கணக்குக் கேப்பாரு சார்" என்றான். எத்தனை லிட்டர் டீசல் மிச்சமாயிற்று என்று முதலாளி கணக்கு வைத்திருக்கிறார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவே கண் தெரியாத ஒரு பையன் என்பதற்கு அவர் எந்த நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைத்திருக்கிறார்? அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவன் சம்பளக்காரன். சொந்தக் காரில் போகிற நமக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

"எனக்குப் பழகின ரோடு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்" என்பது இரண்டாவது. ஓட்டலாம். ஆனால் அந்த ரோட்டில் அன்றைக்கு யார் வருவார்கள் என்பது பழக்கமில்லையே? 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் தாவுகிறது. துணியை எடுத்து ஒரு தரம் துடைக்க இரண்டு விநாடி என்று வைத்துக் கொண்டாலும், 30 மீட்டர் தூரம் அந்தக் கார் கண்ணில்லாமல் போகிறது. அந்த முப்பது மீட்டரில் ஒரு சைக்கிள் போதும்.

"வானமே பொத்துக்கொண்டு கொட்டினால் எந்த வைப்பரும் உதவாதே?" என்பது மூன்றாவது. வாஸ்தவம். அப்போது ஓரமாக, பத்திரமான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். நல்ல கண்ணாடி வைத்திருப்பவனுக்குத்தான், இனிமேல் தெரியாது, நிறுத்து என்பதும் தெரியும். மங்கலுக்குப் பழகினவனுக்கு எல்லா மழையும் ஒரே மழைதான்.

நம் சட்டத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, காரின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 சதவிகிதம் வெளிச்சத்தை விட வேண்டும்; பக்கக் கண்ணாடிகள் 50 சதவிகிதம். 2012-ல் உச்ச நீதிமன்றம், கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டவே கூடாது என்று தீர்ப்பளித்தது. உடனே போலீஸ்காரர்கள் தெருவுக்குத் தெரு காரை நிறுத்திக் கறுப்புத் தாளை உரித்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் காருக்குள் இருப்பவனை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையை, வெளியே இருப்பவனை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பதில் நாம் காட்டினோமா? கறுப்புத் தாள் ஒட்டினால் அபராதம். வாயின் ஆவியால் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டு மழையில் போகிறவனை யாரும் நிறுத்துவதில்லை.

கார் செய்கிற கம்பெனிகளோ இன்னொரு தினுசு. பின் கண்ணாடியில் மெல்லிய கம்பிகளை ஓடவிட்டுச் சூடேற்றி ஆவியைப் போக்குகிற ஏற்பாடு ஒன்று உண்டு. பின் பக்கத்துக்கென்று ஒரு வைப்பரும் உண்டு. ஆனால் விலை குறைந்த காரில் இவை பெரும்பாலும் இருக்காது. அதே பெயருள்ள காரை இன்னும் அதிகப் பணம் போட்டு வாங்கினால், பாட்டுப் பெட்டியோடும் பளபளப்புச் சக்கரத்தோடும் சேர்த்து இதையும் தருவார்கள். பார்வையை அலங்காரச் சாமானோடு சேர்த்து விற்கிற வியாபாரம் இது. ஏழைக் கார்க்காரனுக்குப் பின்னால் நிற்கிற குழந்தை தெரிய வேண்டாமா?

இந்த மனப்பான்மை புதிதல்ல. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்துப் பெண்மணி மேரி ஆண்டர்சன், பனிக் காலத்தில் நியூயார்க் நகரத்தில் டிராம் வண்டியில் போனார். கண்ணாடி பனியால் மறைந்து போனதால் டிராம் ஓட்டி முன் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் ஓட்டுவதைக் கண்டார். ஊருக்குப் போய், உள்ளேயிருந்து பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் துண்டு கண்ணாடியைத் துடைக்கும்படி ஒரு கருவி செய்தார். 1903 நவம்பர் 10-ஆம் தேதி அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1905-ல் அதை ஒரு கானடாக் கம்பெனிக்கு விற்கப் போனபோது, 'இதில் வியாபார லாபம் ஒன்றும் இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். காப்புரிமைக் காலம் முடிந்தது. உலகத்துக் கார்களிலெல்லாம் வைப்பர் ஏறிற்று. அந்த அம்மாளுக்குச் சல்லிக் காசு கிடைக்கவில்லை.

பிற்பாடு ராபர்ட் கேர்ன்ஸ் என்பவர், விட்டுவிட்டு ஓடுகிற வைப்பரைக் கண்டுபிடித்து 1967-ல் காப்புரிமை பெற்றார். ஒரு விபத்தில் ஒரு கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர் அவர். கண் இமை ஓயாமல் அடிப்பதில்லை. விட்டு விட்டுத்தான் சிமிட்டுகிறது. வைப்பரும் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்று யோசித்தார். கம்பெனிகள் தம் கருவியைத் தமக்குக் காசு கொடுக்காமல் எடுத்துக் கொண்டன என்று வழக்குப் போட்டார். 1990-ல்தான் ஃபோர்டு கம்பெனி ஒரு கோடியே இரண்டு லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துக் கொண்டது. நம் காரில் சாவகாசமாக ஆடுகிற அந்தக் குச்சிக்குப் பின்னால் இவ்வளவு சங்கதி இருக்கிறது. பிறர் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேர் பாடுபட்டுச் செய்த சாமானை நாம் காய்ந்து வெடிக்க விட்டிருக்கிறோம்.

காசில்லாமலா? நம் கார்களுக்குள்ளே எட்டிப் பாருங்கள். முன்னால் பிள்ளையார், அவருக்கு மணி மாலை. ஆசனத்துக்கு உறை, உறைக்கு மேல் உறை. மல்லிகை வாசனைப் புட்டி. கண்ணாடியிலிருந்து தொங்குகிற பொம்மை. வைப்பருக்கு ஒரு ஜோடி ரப்பர், ஓட்டலில் ஒரு குடும்பம் சாப்பிட்டு எழுந்தால் ஆகிற செலவுதான். அது மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகிறது. காருக்குள் இருக்கிற நம் சுகத்துக்குச் செய்வதெல்லாம் செலவாகத் தெரிவதில்லை. வெளியே போகிறவனுடைய உயிருக்குச் செய்வது மட்டும் தண்டச் செலவாகத் தோன்றுகிறது. இதுதான் இந்த விஷயத்தின் அடிப்பாகம். கண்ணாடி மங்கினால் நமக்கென்ன ஆபத்து? நம்மைச் சுற்றி இரும்பு இருக்கிறது. சாக்குப் போட்டுக்கொண்டு போகிறவனைச் சுற்றி மழைதான் இருக்கிறது.

முடிவாக ஒரு யோசனை. நம் வடகிழக்குப் பருவ மழை அக்டோபரில் ஆரம்பிக்கிறது. அதையொட்டியே நமக்கு ஆயுத பூஜை வருகிறது. அன்றைக்குக் காரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழத்தை நசுக்குகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு சாமானைச் சேர்த்துக் கொள்ளுங்கள்: வைப்பருக்குப் புது ரப்பர். கண்ணாடிக்கு உள் பக்கம் ஒரு தரம் சோப்புத் தண்ணீர். ஆயுதத்துக்குச் செய்கிற பூஜை அதைச் சரியாக வைத்திருப்பதுதான் என்று நம் முன்னோர்கள் நினைத்திருக்க வேண்டும்.

நான் இரண்டு வருஷமாக அப்படிச் செய்து வருகிறேன். போன ஐப்பசியில் மறுபடியும் அந்த வழியாக வந்தேன். நல்ல மழை. அத்தை பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு, "மழையிலே எதுக்கு மாப்பிள்ளை ஏ.சி.?" என்று முணுமுணுத்துக் கொண்டே வந்தார். கீழ்பென்னாத்தூர் தாண்டி, சாக்குப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறவர்கள் மூன்று பேரைப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்து, விலகிப் போனேன். அவர்களில் அந்தப் பெரியவர் இருந்தாரா என்று தெரியாது. இருந்தாலும் அவர் என்னைக் கவனித்திருக்கக் காரணம் இல்லை. யாரும் இடிக்காமல் போகிற காரை யார் ஞாபகம் வைத்துக் கொள்கிறார்கள்?